ரத்வெல் பாரிஷ்: 1790களின் விவரத்தையும் 1830களின் விவரத்தையும் ஒப்பிடுவது எப்படி?

ஏடுதேடி:
ஸ்காட்லாந்தில் டம்ஃப்ரீஸ்ஷயரின் சால்வே கடற்கழியோரம் உள்ள ரத்வெல் பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பிரிவு) பற்றி ஒரு கட்டுரை தயாராகிறது. ஆதாரங்கள் இரண்டு; இரண்டிலும் ஒவ்வொரு பாரிஷின் விவரத்தையும் பெரும்பாலும் அதன் தேவாலயப் போதகரே எழுதினார். சர் ஜான் சின்க்ளேர் 1791–99-ல் 21 தொகுதிகளாகக் கொண்டுவந்த புள்ளிவிவரத் தொகுப்பு ஒன்று; 1834–45-ல் 15 தொகுதிகளாக வந்தது மற்றொன்று. மக்கள்தொகை, குத்தகை, நிலப்பரப்பு மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடலாமா?

பழங்கணக்கு:
மாற்றாமல் வைத்தால் தப்பாகிவிடும். முதலில் குத்தகையைப் பாருங்கள். பழைய தொகுப்பில் பல பாரிஷ்களுக்கு இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று 17ஆம் நூற்றாண்டில் நிலவரிக்காகப் போட்ட மதிப்பு, அது ஸ்காட்ஸ் பவுண்டில். இன்னொன்று அன்றைக்கு உண்மையில் வசூலான குத்தகை, அது ஸ்டெர்லிங்கில். 12 ஸ்காட்ஸ் பவுண்டு சேர்ந்தால்தான் 1 ஸ்டெர்லிங் பவுண்டு. வரிமதிப்பை 12-ஆல் வகுத்தாலும் அது நூறாண்டுக்கு மேல் பழைய தொகைதான். வளர்ச்சியைக் கணக்கிட அதைத் தொடவே வேண்டாம்.

நிலத்துக்கு: 1 ஸ்காட்ஸ் ஏக்கர் சுமார் 1.26 இம்பீரியல் ஏக்கர். 1824 சட்டம்தான் இம்பீரியல் அளவைகளைப் பொதுவாக்கியது. அதனால் 1790களில் வெறுமனே 'ஏக்கர்' என்றிருந்தால் ஸ்காட்ஸ் ஏக்கரா என்று சந்தேகப்படுங்கள். தானியத்தில் குழப்பம் இன்னும் அதிகம். 'போல்' (boll) என்பது பழைய ஸ்காட்லாந்து தானிய அளவை. ஓட்ஸ் மாவு 1 போல் என்றால் 140 ராத்தல், அதாவது 63.5 கிலோ. முழுத்தானியத்தின் போல் முகத்தல் அளவு. தானியத்துக்கும் வட்டாரத்துக்கும் ஏற்ப மாறும். அதைக் கிலோவாக்காமல் அப்படியே எழுதுவதே நேர்மை.

தலைக்கணக்கு:
மக்கள்தொகைக்கு நான்கு புள்ளிகள் கிடைக்கும்: 1755-ல் அலெக்சாண்டர் வெப்ஸ்டர் தொகுத்த கணக்கு, 1790களில் போதகர் எண்ணியது, 1801-ன் முதல் அரசுக் கணக்கெடுப்பு, 1831. முதல் இரண்டும் போதகர்கள் தந்தவை. வேதபாட விசாரணைக்கு (போதகர் கேள்வி கேட்டு வேத அறிவைச் சோதிப்பது) உரிய வயதினரை மட்டும் எண்ணிவிட்டு, சிறு குழந்தைகளை மதிப்பீடாகச் சேர்ப்பது அன்று வழக்கம். வயது வரம்பும் ஊருக்கு ஊர் மாறியது. ஆகவே 1755-க்கும் 1790களுக்கும் இடையே சிறு ஏற்றத்தாழ்வு தெரிந்தால் அதற்குக் காரணம் கற்பிக்காதீர்கள். தொகுதி வெளியான ஆண்டை எண்ணிய ஆண்டாக எழுதுவதும் அடிக்கடி நடக்கும் பிழை.

எல்லைக்கல்:
எல்லையையும் கவனியுங்கள். 1889 சட்டத்தின்படி அமைந்த ஆணையம் 1891 வாக்கில் பல பாரிஷ்களின் எல்லையை மாற்றியது. வேறு பாரிஷுக்குள் துண்டாகக் கிடந்த நிலங்கள் இடம் மாறின. இன்றைய வரைபடத்தில் பரப்பு எடுக்காமல், 1850களின் ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நிலஅளவை) வரைபடத்தில், ஒரு மைலுக்கு ஆறங்குல அளவில் வரைந்த தாளை எடுங்கள்.

ஏடுதேடி:
நன்றி. பழைய தொகுப்பில் ஒரு தொழிலோ பயிரோ சொல்லப்படவில்லை என்றால், ஊரில் அது இல்லை என்று கொள்ளலாமா?

பழங்கணக்கு:
கூடாது. சின்க்ளேர் 1790-ல் அனுப்பிய பட்டியலில் 160 கேள்விகள்: முதல் 40 நிலவியல்பு, 41–100 மக்கள், 101–116 விளைச்சல், மீதி பலவகை. சிலர் வரிசையாகப் பதில் எழுதினார்கள், சிலர் பிடித்ததை மட்டும். ஒரு பிரிவு முழுக்க வெறுமையாக இருந்தால் அந்தப் போதகர் அதைத் தாண்டிப் போயிருக்கிறார் என்பதே முதல் ஊகமாக இருக்கட்டும்.

எழுதியவர் யார் என்பதும் எடை போட வேண்டியது. அன்று போதகரின் ஊதியமும் வீடும் நிலவுடைமையாளர்கள் பொறுப்பாக இருந்தன. அவர்கள் செய்த நிலச் சீர்திருத்தத்தை அவர் புகழ்வதும், வெளியேறிய குடியானவர்களை ஒரே வரியில் முடிப்பதும் சகஜம். ஏழைகளுக்கான உதவித்தொகையைச் சபைக் கூட்டக் குறிப்பேடுகளோடு ஒத்துப் பாருங்கள். ரத்வெல்லின் இரண்டாம் விவரத்தை எழுதியவர் ஹென்றி டங்கன். 1810-ல் அங்கே சேமிப்பு வங்கி தொடங்கியவரும், 1642-ல் உடைக்கப்பட்ட ரத்வெல் சிலுவையை (சிற்பங்கள் செதுக்கிய பழங்காலக் கற்சிலுவை) 1823-ல் தன் போதகர் இல்லத் தோட்டத்தில் நிறுத்தியவரும் அவரே. அந்த இரண்டு பகுதிகளும் மிக விலைமதிப்பானவை, ஆனால் செய்தவரே தரும் சாட்சியம் என்று கட்டுரையில் சொல்லிவிடுங்கள். சிலுவை தேவாலயத்துக்குள் போனது 1887-ல்தான், எனவே அவர் விவரத்தில் வரும் இடம் இன்றைய இடம் அல்ல.