உதவி: தலைகுந்தா பனியில் நாய் தண்ணீரைத் தொடவே மாட்டேன் என்கிறது

பனிக்காடு:
எல்லோருக்கும் வணக்கம். ஊட்டிக்குப் பக்கம், தலைகுந்தாவில் இருக்கிறோம். எங்கள் லேப்ரடார், பெண், 7 வயது, 25 கிலோ. ஒரு வாரமாகத் தண்ணீர்ச் சட்டி வைத்தது வைத்தபடி கிடக்கிறது. காலையில் பார்த்தால் மேலே கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்திருக்கும். குளிருக்குத் தாகம் எடுக்காது என்று விட்டுவிட்டேன். ஆனால் நேற்றிலிருந்து சிறுநீர் கடும் மஞ்சள், அதுவும் கொஞ்சம்தான். சுருண்டு படுத்தே இருக்கிறாள். நீர்ச்சத்து குறைவது வெயில் ஊர் வியாதி இல்லையா? சாப்பாடு ட்ரை ஃபுட்தான், போன மாதம் மாற்றினோம். அதற்கு முன் சோறும் கோழியும்.

குன்னூர் அக்கா:
வெயில் ஊர் வியாதி இல்லை தம்பி. மூச்சு விட்டாலே தண்ணீர் போகும், குளிரிலும் போகும். முதலில் ஈறைத் தொட்டுப் பாருங்கள். நம் கன்னத்தின் உட்பக்கம் மாதிரி வழுக்க வேண்டும். விரல் ஒட்டினால் நல்லதில்லை. கட்டைவிரலால் ஈறை அழுத்தி விடுங்கள், வெளுத்த இடம் 2 விநாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். அப்புறம் தோள்பட்டைக்கு மேல் தோலைப் பிடித்து இழுத்து விடுங்கள், சட்டென்று படிய வேண்டும். ஆனால் இந்தத் தோல் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். கொழுத்த நாயில் குறைவு இருந்தும் தெரியாது. வயதாகி மெலிந்த நாயில் குறைவே இல்லாவிட்டாலும் தோல் மெதுவாகத்தான் படியும்.

மலைரயில்:
எங்கள் வீட்டில் 20 மில்லி சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து வாயைத் திறந்து ஊற்றிவிடுவோம். ரெண்டே நாளில் சரியாகிவிடும்.

குன்னூர் அக்கா:
@மலைரயில் அப்படி ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. சோர்ந்து கிடக்கிற நாய்க்கு இன்னும் ஆபத்து. தானாக நக்கிக் குடிக்கிற அளவுதான் கொடுக்க வேண்டும்.

கொடைக்காரன்:
எனக்கு அந்தச் சாப்பாட்டு மாற்றம்தான் உறுத்துகிறது. நாய்க்கு ஒரு நாளைக்கு கிலோவுக்குச் சுமார் 50, 60 மில்லி தண்ணீர் வேண்டும், சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து. உங்கள் நாய்க்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர். வெந்த சோற்றிலும் கறியிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். முக்கால் கிலோ தின்றிருந்தால் அரை லிட்டர் அப்படியே உள்ளே போயிருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ட்ரை ஃபுட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். 300 கிராம் போட்டால் 30 மில்லி. மீதி முழுக்கச் சட்டியிலிருந்து வர வேண்டும், அந்தச் சட்டியோ ஐஸ். நானும் இதே தப்பைச் செய்தவன்தான், கொடைக்கானலில், ஒரு டிசம்பரில். வெதுவெதுப்பான தண்ணீரில் ட்ரை ஃபுட்டைப் பத்து நிமிடம் ஊறவைத்துப் போடுங்கள். கோழி வேகவைத்த தண்ணீரும் ஊற்றலாம், ஆனால் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேராத தண்ணீர். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

சரி, வாந்தி, பேதி ஏதாவது உண்டா? அதைச் சொல்லவில்லையே.

பனிக்காடு:
இப்போதுதான் பார்த்தேன். ஈறு பசை மாதிரி ஒட்டுகிறது. தோல் மெதுவாகத்தான் இறங்குகிறது. வாந்தி காலையில் ரெண்டு முறை, மஞ்சள் நுரை. புல் தின்றிருப்பாள் என்று நினைத்து எழுதாமல் விட்டேன். ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுக்கட்டுமா?

குன்னூர் அக்கா:
வேண்டாம், கிளம்புங்கள். வாந்தியும் இருந்து ஈறும் ஒட்டினால் வீட்டு வைத்தியத்துக்கு நேரம் இல்லை. வயிற்றில் தங்காத தண்ணீர் எவ்வளவு கொடுத்தும் பயனில்லை. வாந்தி எத்தனை முறை, கடைசியாகச் சிறுநீர் எப்போது, இரண்டையும் டாக்டரிடம் சொல்லுங்கள். போகும்போது கம்பளி போர்த்துங்கள்.

பனிக்காடு (மறுநாள்):
ஊட்டியில் டாக்டரிடம் காட்டினோம். வாந்தி நிற்க ஊசி போட்டு, தோலுக்கு அடியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். தோளுக்கு மேல் மாட்டுத் திமில் மாதிரி வீங்கிவிட்டது, நான் பயந்தே போனேன். சில மணி நேரத்தில் உடம்பு உறிஞ்சிவிடும் என்றார், அதேபோல் ராத்திரிக்குள் வடிந்தது. சிறுநீரகம் நன்றாக இருக்கிறதாம், ரத்தம் பார்த்தார்கள். குப்பையில் எதையோ தின்று வயிறு கெட்டிருக்கிறது, ஏற்கெனவே தண்ணீர் குறைவாக இருந்ததால் சீக்கிரம் துவண்டுவிட்டாள் என்றார்.

இன்று ஊறவைத்த சாப்பாடு காலி. இரண்டு சட்டி வாங்கி, ஒன்றை அடுப்படியில், ஒன்றைப் படுக்கைக்குப் பக்கம் வைத்தேன். இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு, பாத்ரூம் வாளியில் தலையை விட்டு மடக் மடக்கென்று குடிக்கிறாள்.

குன்னூர் அக்கா:
அந்த வாளியில் சோப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம். மற்றபடி இனி அது அவளுடைய வாளி, உங்களுக்கு வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.