கப்பல் பேட்ஜுக்கு ‘குலச்சின்னம்’ வேண்டாம், ‘இலச்சினை’ இருக்கட்டும்

வணக்கம் நண்பர்களே,

ஒவ்வொரு போர்க்கப்பலுக்கும் உரிய அடையாளச் சின்னமான பேட்ஜுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற நம் பேச்சில் வந்த ‘குலச்சின்னம்’ என்ற பரிந்துரையை ஏற்க முடியவில்லை. கேட்க அழகான சொல்தான், ஆனால் அது ஒருவருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரிய கேடயச் சின்னமான கோட் ஆஃப் ஆர்ம்ஸுக்குத்தான் பொருந்தும். பேட்ஜ் வேறு, ஐரோப்பாவில் ஒரு பிரபுவின் ஆட்கள் தாங்கள் யாரைச் சேர்ந்தவர்கள் என்று காட்ட அணிந்துகொண்டது அது. கப்பலில் பணிபுரிகிறவர்களுக்கும் வேண்டியது அதுதானே?

கடற்படையினரே பேட்ஜைப் பேச்சில் கிரெஸ்ட் என்று சொல்வதால் குழப்பம் கூடுகிறது. கிரெஸ்ட் என்பது தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் உருவம் மட்டுமே, அதற்கு ‘முகட்டணி’ என்று வைக்கலாம். ஹூட் குடும்பத்தின் பெயர் தாங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலான ஹூட்டைப் பாருங்கள்: அந்தக் குடும்பத்தின் முகட்டணியில், நங்கூரத்தைப் பற்றியிருக்கும், சிவந்த அலகுடைய காக்கை இனப் பறவை ஒன்று உண்டு. அதே பறவை கப்பலுக்கு வந்ததும் பேட்ஜ் ஆகிவிட்டது. உருவம் மாறவில்லை, யாருக்கு உரியது என்பதுதான் மாறியது. நம் சொல் இந்த வேறுபாட்டைக் காட்டியே ஆக வேண்டும்.

இன்னொரு பரிந்துரையான ‘கப்பற்பொறி’ எனக்கும் பிடித்ததுதான், சோழரின் புலிப்பொறி உடனே நினைவுக்கு வரும். ஆனால் இன்று அதைப் படிப்பவர் எஞ்சின் என்றுதான் எடுத்துக்கொள்வார். அதனால் ‘கப்பல் இலச்சினை’ என்றே வைப்போம். இலச்சினை அரச முத்திரையையும் குறிக்குமே என்று கேட்கலாம்; அந்தப் பொருளுக்கு ‘முத்திரை’ என்ற சொல்லே வழக்கில் நன்றாக நிற்கிறது.

இன்னொன்று, ‘வட்டச்சின்னம்’ என்ற பரிந்துரையும் சரிவராது. பிரிட்டிஷ் கடற்படையில் 1918-இல் இதற்கென்று குழு அமைந்து, சார்ல்ஸ் ஃபோக்ஸ் வடிவமைக்கத் தொடங்கிய காலத்தில், பெரிய போர்க்கப்பலுக்குத்தான் வட்டம், குரூசருக்கு ஐங்கோணம், டெஸ்ட்ராயருக்குக் கேடய வடிவம், மற்றவற்றுக்குச் சாய்சதுரம் என்று இருந்தது. வடிவத்தைப் பார்த்தே கப்பலின் வகை தெரிந்துவிடும். போர்க்கப்பல் வகைகள் எல்லாவற்றுக்கும் வட்டம் என்றானது பின்னர்தான்.

அப்புறம், இலச்சினையின் மேலே இருக்கும் நேவல் கிரவுன். வளையத்தின் மீது கப்பலின் பின்புறமும் பாயும் மாறி மாறி நிற்கிற கிரீடம் அது, கப்பலின் உறுப்புகளாலேயே ஆனது என்பதால் ‘நாவாய்முடி’ என்பது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. சுற்றியிருக்கும் கயிற்று விளிம்புக்கு ‘வடச்சுற்று’ என்று இப்போதைக்குக் குறித்திருக்கிறேன், நல்ல மாற்று இருந்தால் சொல்லுங்கள்.