'தி மெசேஜ்' பாட்டை முதலில் எங்கே கேட்டீர்கள்?

1982-ல் வந்த இந்த ஹிப்ஹாப் பாட்டு உங்கள் காதில் எப்போது விழுந்தது என்று எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

நியூ ஜெர்சிக்கு வேலைக்கு வந்த புதிதில், ராத்திரி ஷிப்ட் முடித்துக் காரில் திரும்பும்போது ரேடியோவில் போட்டார்கள். ராப் என்றால் படபடவென்று பேசித் தள்ளுவது என்றுதான் நினைத்திருந்தேன். இது நிதானமாக நடந்து வந்தது, எனக்கே ஏறக்குறைய ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. தெருவெல்லாம் உடைந்த கண்ணாடி, படிக்கட்டில் மூத்திரம், முன்னறையில் எலி, பின்னறையில் கரப்பான், தவணை கட்டாத காரை இழுத்துக்கொண்டு போகிறார்கள், இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய்க் கடைசிச் சரணத்தில் ஒரு பையன் பிறப்பதில் தொடங்கி ஜெயில் அறையில் தூக்கில் தொங்குவது வரைக்கும் சொல்லி முடிக்கிறார்கள். அப்புறம் நண்பர்கள் தெருமுனையில் நின்று பேசும்போது போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போகிற சத்தம். வீடு வந்த பிறகும் காரை விட்டு இறங்க முடியவில்லை.

பிறகு தேடிப் படித்ததில் இன்னும் ஆச்சரியம். லேபிளில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ் என்று இருக்கிறது, ஆனால் ஃபிளாஷின் கைவண்ணமான ஸ்கிராட்ச் (இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து எழுப்பும் சத்தம்) ஒன்றுகூடப் பாட்டில் இல்லை. முதலில் எழுதியவர் பாட்டை வெளியிட்ட சுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் கம்பெனியில் தாள வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்த எட் ஃபிளெட்சர், டியூக் பூட்டீ என்று மேடைப் பெயர். 1980-ல் நியூயார்க்கில் பஸ்ஸும் சப்வேயும் ஓடாமல் வேலைநிறுத்தம் நடந்த சமயத்தில், நியூ ஜெர்சியின் எலிசபெத் ஊரில் அம்மா வீட்டில் வைத்து எழுத ஆரம்பித்தாராம். குழுவுக்குப் பிடிக்கவே இல்லை; ஆட வருகிறவனிடம் போய் அவன் வீட்டுக் கஷ்டத்தையே பாடுவதா என்று யோசித்தார்கள். கம்பெனியை நடத்திய சில்வியா ராபின்சன் விடாப்பிடியாக நின்றதால்தான் குழுவின் ராப் பாடகர் மெல்லி மெல் இறங்கி வந்தார். அந்த அம்மாவுக்கு நாம் நிறையக் கடமைப்பட்டிருக்கிறோம்.

*

எனக்கு நேர்மாறாக நடந்தது அண்ணா. 1997-ல் ராப் பாடகர்கள் பஃப் டாடியும் மேஸும் சேர்ந்து பண்ணிய பாட்டைக் காலேஜ் ஹாஸ்டலில் தேயத் தேயக் கேட்டோம். அதன் பீட் எங்கிருந்து வந்தது என்று பல வருஷம் கழித்து ஒரு நண்பன் சொல்லித்தான் மூலப் பாட்டுக்கே போனேன். அந்த 97 பாட்டு அமெரிக்கப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது, மூலப் பாட்டு அதே பட்டியலில் 62-ஐத் தாண்டவில்லை. பழசைக் கேட்ட பிறகு புதுசைக் கேட்கவே முடியவில்லை எனக்கு. பசியைப் பற்றிப் பாடிய மெட்டில் பணத்தைப் பற்றிப் பாடினால் காதில் ஒட்டவில்லை. 1993-ல் இன்னொரு ராப் பாடகர் ஐஸ் கியூப் தன் ரீமிக்ஸுக்கு இதே பீட்டை எடுத்தது பரவாயில்லை, அதில் தெரு இருக்கிறது.

*

நான் கீபோர்டு வாசிப்பவன். அந்தச் சின்ன சின்தசைசர் துணுக்கைக் கச்சேரியில் வாசித்தால் எந்த வயதுக்காரரும் தலை நிமிர்ந்து பார்க்கிறார்கள். பாட்டு ஏழு நிமிஷத்துக்கு மேல், ஆனால் அதில் எவ்வளவு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள் பாருங்கள், குரல் வரும் இடத்தில் எதுவும் குறுக்கே வருவதில்லை. அப்படி அடங்கி வாசிப்பது ரொம்பக் கஷ்டம்.

*

அண்ணா எழுதியதைப் படித்ததும் டியூக் பூட்டீயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் ஆசிரியை. வீடியோவில் அவர் பாடிய வரிகளுக்கு வாயசைப்பவர் குழுவில் இருந்த ரஹீம். முகம் தெரியாமலே போன அந்த மனிதர் பிற்பாடு ஆசிரியராகி, ஜார்ஜியாவில் சவன்னா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார், 2021 ஜனவரியில் 69 வயதில் காலமானார். அந்தச் செய்தி வந்த அன்றுதான் நான் பாட்டை முழுதாக உட்கார்ந்து கேட்டேன், அதுவரை பெயர் மட்டும்தான் தெரியும். 2002-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று முதன்முதலில் 50 தேர்ந்தெடுத்தபோது அதில் இருந்த ஒரே ஹிப்ஹாப் பாட்டு இது. அவர் உயிரோடு இருக்கும்போதே அந்த மரியாதை கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

*

நன்றிம்மா, வாயசைப்பு விஷயம் எனக்குப் புதிது. இன்னொன்று, அந்தக் கடைசிச் சரணம் இந்தப் பாட்டுக்காக எழுதியதே இல்லை. 1979-ல் இதே குழு போட்ட 'சூப்பர்ராப்பின்' என்ற நீளமான கொண்டாட்டப் பாட்டில் மெல்லி மெல் அதை ஏற்கெனவே பாடிவிட்டார். கேட்டுப் பாருங்கள், துள்ளலான தாளத்தில், குஷியான வரிகளுக்கு நடுவே அந்தப் பையனின் சாவு வேகமாகக் கடந்து போய்விடுகிறது. மூன்று வருஷம் கழித்துத் தாளத்தைக் குறைத்துச் சுற்றிலும் இடம் விட்ட பிறகுதான் அது எல்லாருக்கும் கேட்டது. கீபோர்டு நண்பர் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்து ஒரு பதிவு போட்டால் நன்றாக இருக்கும்.