வாந்தியும் வயிற்றுப்போக்கும்: இஞ்சியா, பாலா, பட்டினியா?

கேள்வி:
நேற்று மாலை இரண்டு முறை வாந்தி எடுத்தேன். இரவிலிருந்து நான்கு முறை வயிற்றுப்போக்கும் ஆகிவிட்டது. காய்ச்சல் இல்லை. தண்ணீர் குடித்தாலே குமட்டுகிறது. இஞ்சிச் சாறு குடி என்கிறார் ஒருவர், குளிர்ந்த பால் நல்லது என்கிறார் இன்னொருவர், வயிற்றைக் காயப்போடு என்கிறார் மற்றொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

மறுமொழி 1:
குமட்டலுக்கு இஞ்சி நல்ல துணை. சிறு துண்டைத் தட்டி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டி, ஆறிய பின் மெல்லப் பருகுங்கள். வெறும் வயிற்றில் பச்சைச் சாறாகக் குடித்தால் நெஞ்செரிச்சல்தான் மிஞ்சும். எனக்கு வயிறு எரியும்போதெல்லாம் குளிர்ந்த பால் கைகொடுத்திருக்கிறது, அதையும் முயலலாம்.

மறுமொழி 2:
இஞ்சியைப் பற்றி முந்தையவர் சொன்னதை ஏற்கிறேன். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாலை இப்போது தவிர்ப்பதே நல்லது. வயிற்றுப்போக்கின்போது குடலின் உட்சுவர் புண்பட்டு, பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி சில நாட்களுக்குக் குறைந்துவிடக்கூடும் என்பதால், குடித்த பாலே போக்கை அதிகமாக்கலாம்.

உண்மையில் உங்களுக்கு முதலில் வேண்டியது மருந்தன்று, இழந்த நீரும் உப்பும்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சர்க்கரைக் கலவை) பொட்டலம் சிறந்தது. அது இல்லையென்றால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை சுவைக்காகச் சேர்ப்பது அன்று. குடற்சுவரில் சர்க்கரையிலுள்ள குளுக்கோசும் உப்பிலுள்ள சோடியமும் கைகோத்தே உள்ளே நுழைகின்றன, அவற்றின் பின்னால் நீரும் இழுக்கப்படுகிறது. வெறும் தண்ணீரால் இவ்வளவு செய்ய முடியாது. வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் குடியுங்கள். ஒரே மூச்சில் ஒரு டம்ளரைக் குடித்தால் அப்படியே திரும்பி வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அரை மணி நேரமாகக் கரண்டியால் குடிக்கிறேன், இதுவரை வாந்தி இல்லை. கொஞ்சம் சர்க்கரை கூடுதலாகப் போட்டால் தெம்பு வருமா? எப்போது சாப்பிடலாம்?

மறுமொழி 2:
கூட்டாதீர்கள். சர்க்கரை மிகுந்தால் அது குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை வளர்க்கும். குளிர்பானங்கள் உதவாததற்கும் இதுவே காரணம். கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். பட்டினியும் தேவையில்லை. பசி எடுத்ததும் குழைந்த சோறு, வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு என்று சிறிது சிறிதாகத் தொடங்குங்கள்.

மறுமொழி 3:
ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலத்தில் இரத்தம், தார்போன்ற கருமலம், கடுங்காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, தொப்புளருகே தொடங்கி வலது அடிவயிற்றில் நிலைகொள்ளும் வலி ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்தமோ காய்ச்சலோ இருக்கையில் போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்கக் கூடாது. இதே தொல்லை கைக்குழந்தைக்கு வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்கவே வேண்டாம்; குழந்தையின் உடல் வெகு விரைவில் வறண்டுவிடும்.