மறு: புள்ளிக்குறிப்பேட்டின் ‘தீம்’: திணை என்றால் என்ன குறை?

குழுமத்தாருக்கு வணக்கம்.

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். வேலைகளையும் நிகழ்வுகளையும் சிறு குறிகளால் கையால் எழுதிவைக்கும் ‘புல்லட் ஜேர்னல்’ என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘புள்ளிக்குறிப்பேடு’ என்று போன வாரம் முடிவாகிவிட்டது. எனக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை. இலங்கையில் புள்ளி என்றால் முதலில் நினைவுக்கு வருவது பரீட்சைப் புள்ளி. மகள் அந்தச் சொல்லைச் சொன்னதுமே அவளுடைய அப்பம்மா, “எந்தப் பாடத்துக்கு எவ்வளவு?” என்று கேட்டார். ஆனாலும் எந்திரம் பெயர்த்துத் தந்த ‘தோட்டா நாளேடு’ என்பதற்கு இது எவ்வளவோ மேல். சரி, அதை விடுகிறேன்.

இன்றைய சிக்கல் ‘தீம்’, அதாவது குறிப்பேட்டின் அலங்காரம் முழுவதும் சுற்றிவரும் ஒரே விஷயம்: அதற்குத் தமிழில் என்ன பெயர்? ரைடர் கரோல் 2013இல் இந்த முறையை வெளியிட்டபோது அதில் அலங்காரமே கிடையாது. செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு புள்ளி, முடிந்தால் அதன்மேல் பெருக்கல் குறி, நிகழ்வுக்கு வட்டம், குறிப்புக்குச் சிறு கோடு. அவ்வளவுதான். வருடம் முழுவதற்கும் ஒரே ‘தீம்’ எடுத்து முகப்பிலிருந்து டிசம்பர் வரை வரைவதெல்லாம் எழுதுகிறவர்கள் பின்னால் சேர்த்த அழகு. ஆகவே மூலவர் என்ன சொன்னார் என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, நம் வசதிக்குப் பெயர் வைக்கலாம்.

சென்னைத் தம்பி ‘கருப்பொருள்’ என்கிறார். எங்கள் பத்திரிகைகளில் அதற்குத் ‘தொனிப்பொருள்’ என்று வரும். டெங்கு ஒழிப்பு ஊர்வலத்துக்குப் பொருந்தும், பூனைக்குட்டி வரைகிற கொப்பிக்கு (நோட்டுக்கு) ஆகாது. கருப்பொருளை நான் மறுப்பது வேறு காரணத்துக்காக. அந்தச் சொல் நமக்கு இன்னொன்றுக்கு வேண்டியிருக்கிறது.

மகளின் 2026 கொப்பியைப் புரட்டியபோதுதான் இது பிடிபட்டது. கடலைத் தீமாக எடுத்திருக்கிறாள். முகப்பில் கோணேசர் மலை. ஏப்ரலில் திமிங்கில வால். ஜூனில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று; காற்றை எப்படி வரைவது என்று தெரியாமல், எங்கள் பக்கத்தில் அதே பெயருள்ள கச்சான் கொட்டைகளை (நிலக்கடலையை) பறக்க விட்டிருக்கிறாள். டிசம்பரில் வாடை மழையும் கரையேற்றிய வள்ளமும். வாராவாரம் பழக்கங்களைக் குறிக்க ஏழு வட்டங்கள்: கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள். காலையில் நடந்த நாளுக்கு நீலம் தீட்டுவாள், நடக்காத நாள் வெறுங்கிணறு. ஜனவரியிலேயே பாதிக் கிணறு வற்றிவிட்டது, அது வேறு கதை.

இவை ஒன்றும் தீம் அல்ல, தீமுக்குள் குடியிருப்பவை. தொல்காப்பியர் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை என்று அடுக்கிக் ‘கரு’ என்றது இவற்றைப் போன்றவற்றைத்தானே? அப்படியானால் இவற்றையெல்லாம் தாங்கி நிற்பதற்குப் பெயர் திணை.

ஆகவே என் முன்மொழிவு: தீமுக்குத் திணை, ஆண்டுத் தீமுக்கு ஆண்டுத்திணை, பக்கத்துக்குப் பக்கம் திரும்பி வரும் உருவங்களுக்குக் கருப்பொருள். மகளுடையது நெய்தல். நெய்தலுக்குப் பெரும்பொழுது, அதாவது இரண்டிரண்டு மாதப் பருவங்கள், ஆறும் உரியவை என்பதால் பன்னிரண்டு மாதமும் தாக்குப்பிடிக்கும். குறிஞ்சியை எடுத்திருந்தால் கூதிரும் முன்பனியும் போக மீதி எட்டு மாதத்துக்கு எதை வரைவது? நெய்தலின் சிறுபொழுது எற்பாடு, வெயில் சாயும் வேளை என்றேன். “எங்கட கடலில சூரியன் எழும்பத்தானே செய்யும்?” என்று கேட்டாள். சூரியன் சாய்வதைக் காண, ஊரில் உள்ள உவர்மலையில் நின்று உட்துறைமுகப் பக்கம் பார்க்கச் சொன்னேன்.

இங்கே வரக்கூடிய முதல் எதிர்ப்பும் எனக்குத் தெரியும்: திணைக்களம், இலங்கையில் அரசுத் துறைக்கு வழங்கும் பெயர். சொல்லைக் கேட்டதும் படிவமும் வரிசையும் கால்வலியும் நினைவுக்கு வரும். அப்புறம், ணகரம் தவறினால் தானியக் கொப்பி ஆகிவிடும். இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. முடியாத வேலையை அடுத்த மாதத்துக்கு மாற்றி எழுதுவதைக் கரோல் ‘மைக்ரேஷன்’ என்கிறார். நம் பட்டியலில் அதற்கு ‘இடப்பெயர்வு’ என்று இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மின்கட்டணம் கட்ட மறந்ததற்கு, போரில் ஊரைவிட்டு ஓடியதை நினைவூட்டும் அந்தச் சொல்லைச் சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. கணக்கீட்டுப் பாடத்தில் மீதியைக் கொண்டுசெல்வது என்போம். ‘கொண்டுசெல்லல்’ போதும்.

சென்னையிலிருந்து மறுமொழி:

அக்கா, ‘கொண்டுசெல்லல்’ இன்றே பட்டியலில் ஏறிவிடும். திணையும் பிடித்திருக்கிறது. ஆனால் என் தங்கை இந்த வருடம் எடுத்த தீம் விண்வெளி. அதை ஐந்திணையில் எங்கே வைப்பது? நீரில்லாததால் பாலையா?

திருகோணமலையிலிருந்து:

தம்பி, ஐந்தோடு ஏன் நிற்க வேண்டும்? அகத்திலேயே கைக்கிளையும் பெருந்திணையும் சேர்த்து ஏழு. அந்த இரண்டுக்கும் நிலமே கிடையாது. ஆநிரை கவர்வதற்குக்கூட வெட்சி என்று பூவின் பெயரை வைத்துத் திணையாக்கியவர்கள் நம் ஆட்கள். விண்வெளித்திணை என்று தாராளமாக எழுதட்டும்.

அது போக, விண்வெளிக்கான கறுப்புப் பக்கத்தைத் தங்கை எந்தப் பேனையால் தீட்டினாள் என்று மகள் கேட்கிறாள். இங்கே வாங்கியது பின்பக்கம் வரை ஊறி, பெப்ரவரியில் பாதி போய்விட்டது.