49-க்கு ஏன் ஐ-எல் வராது? ரோமன் எண் தெரிஞ்சவங்க கொஞ்சம் வாங்க

யீஷூன்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பையன் பிரைமரி ஃபோர். லீவுல சும்மா யூட்யூப் பாத்துக்கிட்டு கெடக்கானேன்னு ஒரு கணக்கு கிளாஸ்ல சேத்துவிட்டேன், அங்க ரோமன் எண் சொல்லிக் குடுத்து ஒரு தாள் நெறைய ஹோம்ஒர்க். இருபது வரைக்கும் கடகடன்னு எழுதிட்டான், அதுக்கு மேலதான் வம்பு. 49-க்கு ஐ-எல், 99-க்கு ஐ-சி, 1999-க்கு ஐ-எம்னு எழுதி வெச்சிருக்கான். (ரோமன் எழுத்து அடிக்க கீபோர்டு மாத்தி மாத்தி கை வலிக்குது, அதனால எழுத்துப் பேரையே தமிழ்ல போடுறேன், பொறுத்துக்கோங்க.) மூணுக்கும் செவப்பு மையில எக்ஸ் போட்டு அனுப்பியிருக்காங்க, இவன் அதப் பாத்துட்டு "மூணுக்கும் பத்து பத்து மார்க்கா மா"ன்னு கேக்குறான், அடிக்கவா சிரிக்கவா தெரியல.

ஆனா அவன் வாதம் எனக்கு சரியாத்தான் படுது. நாலுன்னா அஞ்சுக்கு ஒண்ணு கம்மி, ஐ-வி. ஒம்போதுன்னா பத்துக்கு ஒண்ணு கம்மி, ஐ-எக்ஸ். அப்ப 49 அம்பதுக்கு ஒண்ணு கம்மிதானே, ஐ-எல் ஏன் தப்பு? சார்கிட்ட கேட்டா "ரூல் அப்படித்தான்"னு முடிச்சுட்டாராம்.

இன்னொண்ணு, ஹால்ல மாமனார் காலத்து சுவர்க் கடிகாரம் இருக்கு. அதுல நாலு மணிக்கு நாலு கோடு, ஐ-வியே இல்ல. இத்தன வருஷம் நான் கவனிச்சதே கெடையாது, இவன் கண்டுபிடிச்சுட்டு கடிகாரம் தப்பா தாள் தப்பான்னு ரெண்டு நாளா உயிர எடுக்குறான்.

செங்காங்வாசி:

அக்கா, பர்ஸ எடுங்க. ஃபோன்ல பேநவ்னு பணம் அனுப்புற ஆப்ப தட்டித் தட்டி நோட்டு எப்படி இருக்கும்னே மறந்து போச்சு, ஆனா ரோமன் எண் சொல்லிக் குடுக்க சிங்கப்பூர் நோட்டு மாதிரி வசதி வேற இல்ல. ஒரு வெள்ளி காசு ஐ, அஞ்சு வெள்ளி வி, பத்து எக்ஸ், அம்பது எல், நூறு சி. ஐநூறு டி, அது கப்பல் படம் போட்ட பழைய நோட்டோட போச்சு. ஆயிரம் எம், அதையும் 2021 ஜனவரிலேர்ந்து புதுசா வெளியிடுறதில்ல. நம்மகிட்ட இருக்குற ரெண்டு வெள்ளி நோட்டு மட்டும் ரோமன் ஆளுங்ககிட்ட கெடையாது, அத ஓரமா வெச்சிடுங்க.

இப்ப பையன 37 வெள்ளி எடுத்து வைக்கச் சொல்லுங்க. பெரிய நோட்டுலேர்ந்து ஆரம்பிச்சு மூணு பத்து, ஒரு அஞ்சு, ஒரு வெள்ளி காசு ரெண்டு. இடப்பக்கத்துலேர்ந்து படிச்சா எக்ஸ்-எக்ஸ்-எக்ஸ்-வி-ஐ-ஐ, அவ்ளோதான். வி, எல், டி மூணும் ஏன் ரெண்டு தடவ வராதுன்னும் அவனே சொல்லிடுவான், அஞ்சு வெள்ளி நோட்டு ரெண்டு இருந்தா ஒரு பத்தா மாத்திக்கலாமே.

கழிக்கிற எடம் எப்படின்னா, நாப்பது வெள்ளிக்கு அம்பது நோட்ட நீட்டி பத்து மிச்சம் வாங்குறோம்ல, அந்த மிச்சத்த முன்னாடி எழுதணும், எக்ஸ்-எல். பையன் இது வரைக்கும் சரியாத்தான் புரிஞ்சு வெச்சிருக்கான். அவன் விட்டது என்னன்னா ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியா எழுதி ஒட்டணும். 49-ஐ மொதல்ல நாப்பது, ஒம்போதுன்னு ஒடச்சுடணும், நாப்பது எக்ஸ்-எல், ஒம்போது ஐ-எக்ஸ், சேத்தா எக்ஸ்-எல்-ஐ-எக்ஸ். ஒடைக்காம ஒரே தாவுல அம்பதுலேர்ந்து கழிச்சுட்டான். இப்படி ஒடச்சு எழுதுனாலே ஐ வந்து வி, எக்ஸ் ரெண்டுக்கு முன்னாடி மட்டும்தான் நிக்கும், எக்ஸ் வந்து எல், சிக்கு முன்னாடி, சி வந்து டி, எம்முக்கு முன்னாடி. தனியா ரூல்னு மனப்பாடம் பண்ண ஒண்ணும் இல்ல.

என் பொண்ணுக்கு நான் கீழ வாய்டெக்ல (புளோக்குக்கு அடியில இருக்குற திறந்த தரைத்தளம்) கல் மேசையில மோனோபோலி நோட்ட பரப்பி வெச்சு சொல்லிக் குடுத்தேன், காத்து அடிச்சு பாதி நோட்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போயிடுச்சு. காசா வெச்சு பண்ணுங்க.

பழைய_காசு:

கடிகாரத்துக்கு நான் சொல்றேன் மா. கடிகாரமும் தப்பில்ல, தாளும் தப்பில்ல. கடிகாரம் செய்றவங்க ரொம்பக் காலமா நாலு மணிக்கு நாலு கோடுதான் போட்டு வர்றாங்க. எதிர்ப்பக்கம் எட்டு மணிக்கு வி-ஐ-ஐ-ஐன்னு நீளமா இருக்கே, இந்தப் பக்கமும் அதுக்கு ஈடா கனமா தெரியணும்னுதான் அப்படின்னு ஒருத்தர் சொல்லுவாரு, இல்ல இல்ல தலகீழா நிக்கிற எழுத்துல நாலும் ஆறும் குழம்பிப் போயிடும்னுதான் அப்படின்னு இன்னொருத்தர், ஆளுக்கு ஒரு கதை. லண்டன் பிக் பென்ல பாத்தா ஐ-வி தான் இருக்கும். மாமனார் கடிகாரத்த தூக்கிப் போட்டுடாதீங்க, சாவி குடுக்குற கடிகாரம்னா என்கிட்ட சொல்லுங்க.

ரோமன் எண்ணுன்னதும் எனக்கு எங்கப்பாதான் ஞாபகத்துக்கு வர்றாரு. வீட்டுல பிஸ்கட் டின் நெறைய பழைய காசு, அதுல சதுரமா ஒண்ணு, ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (வெள்ளக்காரன் காலத்துல சிங்கப்பூரும் சேந்திருந்த ஆட்சிப் பகுதி) ஒரு செண்டு, 1920. ராஜா தலையச் சுத்தி ஜார்ஜ் வி-ன்னு எழுதியிருக்கும். அப்பா அந்த வி-ய இனிஷியல்னு நெனச்சுட்டாரு. "நாம முன்னாடி போடுறோம், வெள்ளக்காரன் பின்னாடி போடுறான் பாரு, அவங்கப்பன் பேரு விக்டரா இருக்கும்"னு ரொம்ப தெளிவா சொல்லுவாரு, நானும் பள்ளிக்கூடத்துல போயி நாலு பேருக்குச் சொல்லியிருக்கேன். அவங்கப்பா பேரு எட்வர்ட். அந்த எட்வர்ட் காசும் அதே டின்னுல வி-ஐ-ஐன்னு கெடந்துது, நாங்கதான் சேத்துப் பாக்கல. அப்பறம் ஜார்ஜ் வி-ஐ போட்ட மலாயா காசு கைக்கு வந்தப்பதான் இது என்னடா மகனுக்கு மட்டும் ரெண்டு இனிஷியல்னு சந்தேகமே வந்துது.

தமிழ்_டியூஷன்:

செங்காங்வாசி சொன்னதுதான் சரியான விளக்கம். ஆனா ஒம்போது வர்ற எடத்துல புள்ளைங்க தடுமாறாம இருக்க நான் ஒரு வழி வெச்சிருக்கேன், தமிழ் வீட்டுப் புள்ளைங்களுக்கு மட்டும்தான் இது வேல செய்யும்.

தமிழ்ல எண்ணிப் பாருங்க. அறுபது, எழுபது, எண்பதுன்னு "பது" போட்டுக்கிட்டே வந்துட்டு அடுத்தது தொண்ணூறு. நூறு இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள நூறு பேரு எப்படி வந்துது? அதே மாதிரி எழுநூறு, எண்ணூறு, அதுக்கப்பறம் தொள்ளாயிரம், ஆயிரம் வர்றதுக்கு முன்னாடியே ஆயிரம். ஒன்பதுலயும் பாருங்க, பின்னாடி ஒரு "பது" ஒட்டிக்கிட்டு இருக்கு. நம்ம ஒம்போதுங்க மூணும் அடுத்த வீட்டுப் பேர கடன் வாங்கிக்கிட்டு நிக்கிதுங்க. ரோமன்லயும் அச்சு அசல் அதே கதை. ஒம்போது ஐ-எக்ஸ், பத்தோட எக்ஸ்ல முடியும். தொண்ணூறு எக்ஸ்-சி, நூறோட சியில முடியும். தொள்ளாயிரம் சி-எம், ஆயிரத்தோட எம்முல முடியும்.

இப்ப பையன 1999-ஐ வாய்விட்டு தமிழ்ல மெதுவா சொல்லச் சொல்லுங்க. ஆயிரத்து, எம். தொள்ளாயிரத்து, சி-எம். தொண்ணூத்து, எக்ஸ்-சி. ஒம்போது, ஐ-எக்ஸ். சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டே வரலாம், எம் சி-எம் எக்ஸ்-சி ஐ-எக்ஸ். நடுவுல யோசிக்கவே வேண்டாம். இங்கிலீஷ்ல "நைன்டீன் நைன்ட்டி நைன்"னு சொன்னா இந்த வசதி கெடையாது, பத்தொம்போதுக்கு எங்க போயி எம்ம தேடுறது. 1965-ம் அப்படித்தான், எம் சி-எம் எல்-எக்ஸ் வி.

இது ரெண்டும் சரியா வந்தா 1819 குடுங்க, வெள்ளக்காரன் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வந்த வருஷம். அப்பறம் 1888 குடுங்க, வேணும்னேதான் சொல்றேன், 2000 வரைக்கும் எழுதுனா அதுதான் இருக்குறதுலயே நீளமான வருஷம், 13 எழுத்து வரும்.

சும்மா_வந்தேன்:

டீச்சர் ஐடியா சூப்பர் லா, ஞாபகம் வெச்சுக்க ரொம்ப நல்லா இருக்கு. ஆனா ஒரு சின்ன விஷயம், தமிழ்ல யாரும் இங்க கழிக்கல. சங்க இலக்கியத்துல ஒம்போதுக்கு "தொண்டு"ன்னு தனிச் சொல்லே இருக்கு, கழிச்சு வந்த சொல்லு இல்ல அது. பழைய தமிழ் எண் எழுத்துல 1999-ஐ எழுதுனா ௲௯௱௯௰௯, அதுல ௯௱ன்னா ஒம்போது நூறு, ௯௰ன்னா ஒம்போது பத்து, முன்னாடி நிக்கிறது பின்னாடி இருக்குறத பெருக்குது. ரோமன்ல முன்னாடி நிக்கிறது பின்னாடி இருக்குறத கொறைக்குது. பையன் பெரியவனாகி யார்கிட்டயாவது போயி தமிழன்தான் ரோமன் எண்ண கண்டுபிடிச்சான்னு சொல்லிடப் போறான், வாட்சப்ல ஏற்கெனவே போதுமான அளவு ஓடுது.

ஐ-எல் எழுதுனதுக்காக அவன ரொம்ப திட்டாதீங்க. அந்தக் காலத்து ரோமன் ஆளுங்களே ஒரே மாதிரி எழுதல. ரோம்ல கொலோசியம் நுழைவாசல்ல 44-ன்னு எக்ஸ்-எல்-ஐ-ஐ-ஐ-ஐ வெட்டியிருக்காங்க, நாப்பதுல கழிச்சிருக்கான், நாலுல கழிக்கல. ஜெர்மனியில இருக்குற ஒரு நினைவுக் கல்லுல பதினெட்டாவது படைப்பிரிவ எக்ஸ்-ஐ-ஐ-எக்ஸ்னு போட்டிருக்கும், இருபதுக்கு ரெண்டு கம்மி. லத்தீன்ல பதினெட்ட சொல்றதே அப்படித்தான், இருபதுக்கு ரெண்டு கொறைவுன்னு. இப்ப நம்ம எழுதுற கறாரான முறை பின்னாடி நெலச்சது.

ஆபீஸ்ல எக்ஸெல் வெச்சிருக்கீங்கன்னா அதுல ரோமன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. சும்மா 499 குடுத்தா சி-டி-எக்ஸ்-சி-ஐ-எக்ஸ்னு ஒழுங்கா வரும். கூடவே கமா போட்டு 4-ன்னு குடுத்துப் பாருங்க, ஐ-டி ரெண்டே எழுத்துல முடிச்சிடும், அதாவது உங்க பையன் வழி. சார்கிட்ட காட்ட வேண்டாம்.

யீஷூன்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி சாப்பாட்டு மேசையில நோட்ட பரப்பி உக்காந்தோம், 49 ரெண்டாவது தடவையிலயே பிடிச்சுட்டான். ஒரு அஞ்சு வெள்ளி நோட்டு கணக்குல வரல, காலையில பரோட்டா கடைப் பக்கம் அவன பாத்ததா பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க.

டீச்சர், தொண்ணூறு கதையக் கேட்டு என் வீட்டுக்காரரே வாயப் பொளந்துட்டாரு. பையனும் 1999-ஐ பாட்டு மாதிரி சொல்லிக்கிட்டே எழுதுறான். ஆனா நாலுக்கு தமிழ் கைகுடுக்கல, நாலு நாப்பது நானூறுன்னு நேராத்தானே போகுது. அதுக்கு மட்டும் அம்பது நோட்ட நீட்டி மிச்சம் வாங்குறதுதான். பழைய காசு அண்ணே, கடிகாரம் சாவி குடுக்குறதுதான், இப்ப ஓடல, உங்களுக்கு தனியா மெசேஜ் போடுறேன்.

அவன் எழுதுனத போடுறேன், சரியான்னு பாருங்க. 1819: எம்-டி-சி-சி-சி-எக்ஸ்-ஐ-எக்ஸ். 1965: எம்-சி-எம்-எல்-எக்ஸ்-வி. 1888: எம்-டி-சி-சி-சி-எல்-எக்ஸ்-எக்ஸ்-வி-ஐ-ஐ-ஐ.

செங்காங்வாசி:

மொத ரெண்டும் சரி. மூணாவதுல 12 எழுத்துதான் இருக்கு அக்கா, ஒரு எக்ஸ் கொறையுது, அது 1878. அம்பதுக்கு மேல மூணு பத்து வெளிய எடுத்து வைக்கச் சொல்லுங்க. அப்படியே பாக்கெட்டையும் பாத்துடுங்க.