லிப்பிடிமாவுக்கு லைப்போசக்‌ஷன்: ஒரே அமர்விலா, இரண்டாகப் பிரித்தா?

மதுரையில் இருக்கும் என் அக்காவுக்கு வயது 41. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரு கால்களிலும் ஒரே மாதிரி கொழுப்பு சேர்ந்திருக்கிறது. பாதங்கள் மட்டும் ஒல்லியாகவே உள்ளன. அழுத்தினால் வலிக்கிறது, கட்டில் விளிம்பில் லேசாக இடித்தாலும் கன்றிப்போகிறது. இது வெறும் உடல் பருமன் அல்ல, லிப்பிடிமா என்று மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். உணவுக் கட்டுப்பாட்டில் முகமும் வயிறும் இளைத்தன, கால்கள் இளைக்கவில்லை. அழுத்தக் காலுறையாலும் பிசியோதெரபியாலும் வலி சற்றுக் குறைந்ததோடு சரி.

லைப்போசக்‌ஷன் (கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சை) செய்யலாம் என்று முடிவெடுத்து இரண்டு நிபுணர்களைப் பார்த்தோம். ஒருவர், முழு மயக்கத்தில் ஒரே அமர்வில் 7 லிட்டர் வரை எடுத்துவிடலாம் என்கிறார். மற்றவரோ, 5 லிட்டரைத் தாண்டினால் உடலின் நீர்ச்சமநிலை குலையும் ஆபத்தும், அறுவை நேரம் நீள நீளக் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்தும் கூடுவதால், சில மாத இடைவெளியில் இரண்டாகப் பிரித்தே செய்ய வேண்டும் என்கிறார். அக்கா ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை சாப்பிடுகிறார். அதுவும் ரத்த உறைவுக்கு இடம் கொடுக்கும் என்பதால் இரண்டாமவர் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் இரண்டு முறை மயக்கம் கொடுப்பதை எண்ணி வீட்டில் தயங்குகிறார்கள்.

லிப்பிடிமாவுக்காக இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களோ செய்த மருத்துவர்களோ இங்கே இருந்தால், ஒரே அமர்வு, இரண்டு அமர்வு ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள், எந்தக் காரணத்தால்?